தெற்கு மூலைக் கூடு

ஜூலை 5, சனி
காலையிலேயே புழுக்கம். குடை எடுத்துப் போனேன், வீண்.

குளத்தைச் சீர் செய்ய வரும் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி என் கருத்துகள், வரிசைப்படி:
1. வெயில் ஏறினால் ஓடிவிடுவார்கள்.
2. பறவையின் பெயர் தெரியும், பறவையைத் தெரியாது.
3. தெற்கு மூலைச் சம்புக் கோரைப் புதரில் தாழைக்கோழிக் கூடு இருப்பது எனக்கு மட்டுமே தெரியும்.

முதலாவது. பதினான்கு பேர், எல்லாம் பிளஸ் ஒன். பத்தரை மணி வரை ஆகாயத்தாமரையைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஓடவில்லை. ஒரு நாளை வைத்து முடிவு செய்யக் கூடாது.

இரண்டாவது. தலைவி நிவேதா. கழுத்தில் பைனாகுலர். என்னிடம் மூக்குக் கண்ணாடிதான். பதினோரு வருடமாகத் தினம் குளத்தைச் சுற்றி, பறவைகளை எண்ணி எழுதுகிறேன். கூட நடக்கும் தங்கராசு, "அது என்னா பறவைங்க சார்?" என்று என்னைத்தான் கேட்பார். இன்று என்னைத் தாண்டிப் போய் அவளைக் கேட்டார்.

"முக்குளிப்பான் அங்கிள். இப்ப முங்கிச்சுல்ல, எங்க எந்திரிக்கும் சொல்லுங்க பாப்போம்!"

தங்கராசு விழுந்து விழுந்து சிரித்தார். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அவர் அங்கிள். நான் தாத்தா. இரண்டு வயதுதான் வித்தியாசம்.

ஜூலை 6, ஞாயிறு
மேகமூட்டம். குளியலறை பல்பு வாங்க வேண்டும்.

நிவேதா மற்றவர்களிடம்: "அடுத்த சனி தெற்கு மூலை சம்பு ஃபுல்லா வெட்டிடலாம்."

நான் ஐந்தடி தூரத்தில். கூட்டில் ஆறு முட்டை. வாய் திறக்கவில்லை. கூச்சம் என்று எழுத நினைத்தேன். கூச்சம் இல்லை. வெட்டட்டும், அவளுக்குத் தெரிந்தது எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியட்டும் என்று இருந்தேன்.

ஜூலை 9, புதன்
கடும் வெயில். பி.பி. மாத்திரை தீர்ந்தது.

மனைவியிடம் சொன்னேன். "ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்னா? பேத்தி வயசுப் பொண்ணோட போட்டி போட்டுகினு!"

மைன்ஸில் பம்ப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். எது பழுது என்று அடுத்த ஷிப்ட் ஆளிடம் சொல்லாமல் ஒருநாளும் கிளம்பியதில்லை. பேச்சுவார்த்தை இல்லாதவனிடம்கூட.

ஜூலை 12, சனி
தூறல்.

ஆறு மணிக்கே போனேன். சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டேன், நேரில் வாய் வராது. தெற்கு மூலையில் நிவேதா. கையில் அரிவாள். கிட்டத்தட்ட ஓடினேன்.

"தாத்தா, தாத்தா, அங்கயே நில்லுங்க! கூடு இருக்கு. அம்மா உக்காந்திருக்கு."

சம்பைச் சுற்றி நான்கு குச்சி, சிவப்பு ரிப்பன், இப்போதுதான் கட்டியது. திங்கட்கிழமை ஸ்கூல் விட்டு வந்தபோதே பார்த்துவிட்டார்களாம்.

"ஏழு முட்டை தாத்தா!"

ஆறு என்று சொல்ல வந்தேன். "அப்படியா?" என்றேன். சீட்டு சட்டைப்பையிலேயே.

பின்னால் தங்கராசு. "என்னாங்க சார், தினம் சுத்துற உங்களுக்கே தெரியாதா?"

தெரியும் என்றால், ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்.

தெரியாது என்றேன்.

3 தவறு.