தெளிவான படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால் இதை முறுக்கு டப்பாவில் வைத்து அனுப்புகிறேன்.

உன் ஸ்கூட்டிக்கு அபராதம் என்று அவர் போனுக்கு மங்கலாக ஒரு படம் வந்திருக்கிறது. பாடாலூரில் ஹெல்மெட் இல்லாமல் ஒரு பையன் ஓட்டுகிறான். பின்னால் துப்பட்டாவால் முகத்தை மூடிய பெண்.

“எம் பொண்ணு ஆஸ்டல வுட்டு எங்கயும் போவாது. எவனோ நம்ம நம்பர போட்டு ஓட்டுறான். அவன் யாருன்னு பாக்காம வுட மாட்டேன்” என்கிறார். கோர்ட்டுக்கு அலையாமல் எழுதியே மறுக்கலாமாம். தெளிவான படம் கேட்டு எழுதி, தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டேன். பதில் வந்ததா என்று தினமும் கேட்கிறார்.

அந்தத் துப்பட்டாவுக்கு ஓரம் தைத்தது நான்தான்.

சீக்கிரம் அபராதத்தைக் கட்டிவிடு. அவர் எழுதியதால்தான் ரத்தானது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பையனை ஹெல்மெட் போடச் சொல். உன் முகத்துக்குத் துப்பட்டா இருக்கிறது. அவனுக்கு என்ன இருக்கிறது?

உன் அம்மா