தலைமாட்டுப் பலா

பெரம்பலூர்,
3.3.2024

அன்புள்ள ஜானகிக்கு,

கோழி கிளறினாற்போல் இருக்கிறதே என்று சிரிக்காதே. இடது கை எழுத்து. வாதம் வந்து வலது கையும் பேச்சும் போய் நாலு மாதம் ஆகிறது. நாற்பது வருஷம் உன்னை அதட்டிய வாய்க்கு இது வேண்டியதுதான் என்பாய். போனில் நான் மூச்சு விடுவதும் நீ அழுவதுமாகப் பேசியது போதும் என்று எழுதப் பழகினேன். இந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆயிற்று. மாப்பிள்ளை ராஜேஷ் அந்தப் பக்கம் வரும்போது கொண்டுவந்து தருவார்.

பூவிழி என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். அதுதான் கஷ்டமே. ஊருக்குப் போகணும் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வைத்தியம் முடியட்டும், அதுவரை தோப்பை இந்த அறைக்கே கொண்டுவந்துவிடுகிறேன் என்றாள். ஊரார் வீட்டை அலங்கரிப்பதுதானே அவள் தொழில். சுவருக்குச் செம்மண் பூசியாகிவிட்டது. ஜன்னலோரம் தொட்டிச் செடிகள். மூலையில் கூழாங்கல் பரப்பி, மோட்டார் வைத்துத் தண்ணீர் சொட்ட விட்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தில் எனக்கு மணிக்கொரு தரம் மூத்திரம் முட்டுகிறது. யாரிடம் சொல்ல?

கிணற்றடிப் பலா பிஞ்சு விட்டிருக்குமே, எத்தனை?

சிங்காரவேலு

உடையார்பாளையம்,
8.3.2024

அன்புள்ள பூவிழி அப்பாவுக்கு,

எழுத்தைப் பார்த்து அழுதேன். மூத்திரக் கதையைப் படித்துச் சிரித்தேன். மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

முந்திரி விழத் தொடங்கிவிட்டது. மாடுகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது? ஆளுக்கொரு ஊரில் கிடக்கிறோம். பலாவில் பதினேழு பிஞ்சு. இரண்டு முறை எண்ணினேன். வேளைக்கு மாத்திரை போடுங்கள்.

உங்கள் ஜானகி

பெரம்பலூர்,
11.3.2024

அன்புள்ள ஜானகிக்கு,

நல்ல சேதி. நேற்று பூவிழி தோப்புப் படங்களைப் போனில் காட்டினாள். கிணற்றடிப் பலா வந்ததும் அதன் மேல் விரலை வைத்தேன், எடுக்கவே இல்லை. அழுதும்விட்டேன், சிலேட்டில் எழுதிக் காட்டத் தோன்றவில்லை. எனக்கு வேறொன்றும் வேண்டாம். அதன் கீழே கட்டிலைப் போட்டு என்னைப் படுக்க வைத்தால் போதும். அவள் என்னைக் கட்டிக்கொண்டு, "புரிஞ்சிடுச்சுப்பா" என்றாள்.

அழைத்து வந்துவிடுவாள் என்று நினைக்கிறேன். கட்டிலுக்குக் கயிறு இறுக்கி வை.

சிங்காரவேலு

உடையார்பாளையம்,
15.3.2024

அன்புள்ள பூவிழி அப்பாவுக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமையே பூவிழி போன் செய்தாள். "அப்பா அந்தப் பலாவத் தொட்டுத் தொட்டு அழுவுறாங்கம்மா. அது அவங்க பக்கத்துலயே இருக்கட்டும்" என்றாள். பட்டையோடு ஒரு பலகை அறுத்துத் தலைமாட்டில் வைத்தால் நீங்கள் தடவிக்கொண்டே இருக்கலாமாம். நீங்கள் ஆசைப்பட்டுக் கேட்டதை நான் எப்படி மறுப்பேன்? மரம் வெட்ட வந்த ராசாங்கம், "அவுங்களே கேட்டாங்களாம்மா?" என்று இரண்டு தரம் கேட்டார். ஆமாம் என்றேன்.

நேற்று மத்தியானம் சாய்த்தார்கள். மாப்பிள்ளையின் பயணம் தள்ளிப்போனதால் உங்கள் கடிதம் இன்று காலையில்தான் கைக்கு வந்தது. ஒரே ஒரு நாள். லாரியும் போய்விட்டது.

பூவிழியிடம் சொல்லட்டுமா? என்னைத் திட்டியாவது நாலு வரி எழுதுங்கள்.

உங்கள் ஜானகி

பெரம்பலூர்,
24.3.2024

அன்புள்ள ஜானகிக்கு,

பலகை வந்து சேர்ந்தது. பச்சை மரம், வளைந்துவிடும் என்று ஆசாரி எவ்வளவோ சொன்னார். பூவிழி கேட்கவில்லை. தலைமாட்டில் பொருத்திவிட்டார்கள். இன்னும் பால் கசிகிறது, தலையணை ஒட்டுகிறது.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நல்லாயிருக்காப்பா?" என்றாள். சிலேட்டு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. தலையை ஆட்டினேன். நான் விழுந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அவளிடம் ஒன்றும் சொல்லாதே. உன் மேலும் எனக்குக் கோபமில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

இன்றும் போனை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வேறு என்ன வேண்டும் என்று கேட்டு ஒவ்வொரு படமாகத் தள்ளினாள். கிணறு வந்தது. மாடுகள் வந்தன. வாசலில் நீ நிற்கிற படம் வந்தது.

நான் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

சிங்காரவேலு