நடைமேடையில் ஒரு தூண்

ஜூன் 3, செவ்வாய்

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது புயல் போன் செய்தாள். எத்தனை வருடம் கழித்து! கல்லூரியில் ஒரே மேசையில் வரைந்தவர்கள் நாங்கள். அவள் வேகத்துக்குப் புயல் என்று பெயர் வந்தது. ஒரு கண்ணிமைக்கு ஒரு பொழுதைத் தின்பவள் என்று எனக்கு எறும்பு. இன்று அவள் படத்தை வாங்க ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள். நான் சிறுவர் புத்தகங்களுக்கு முயலும் யானையும் போடுகிறேன்.

குழந்தைகள் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் வேண்டுமாம். ஒரு பெரிய படம் வரைந்து ஏலம் விடப்போகிறார்கள். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து போடுவோம் எறும்பு, வாடி" என்றாள்.

சரி என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் தோன்றியது. ஊரில் இத்தனை பேர் இருக்க நான் எதற்கு?

இவரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடிக்காமலே, "ஆதாயம் இல்லாம யாராவது ஆத்தைக் கட்டி இறைப்பாங்களா?" என்றார். கல்யாணமான நாளிலிருந்து இவர் சொன்னதில் பாதி பலித்திருக்கிறது. மீதிப் பாதியை இவர் மறந்துவிடுவார்.

ஜூன் 6, வெள்ளி

மருத்துவமனை மேல்மாடியில் ஒரு காலி அறை. ஒரு சுவர் முழுக்க எங்கள் திரைச்சீலை. ரயிலுக்குக் காத்திருக்கும் நடைமேடை என்று முந்தாநாளே பேசி முடிவாயிற்று. இடது பக்கம் அவள், வலது பக்கம் நான். நடுவில் கோடு கிடையாது. "எங்கயாவது சந்திச்சுக்குவோம்" என்றாள்.

பக்கத்தில் ஆள் இருந்தால் அவளுக்குக் கை ஓடாது. அன்றும் அப்படித்தான். அதனால் திங்கள், புதன், வெள்ளி எனக்கு. மற்ற நாட்கள் அவளுக்கு.

நேற்றே ஆரம்பித்துவிட்டிருக்கிறாள். கருஞ்சிவப்பில் ஒரு வானம். நன்றாக இருக்கிறது, சனியன்.

என் பக்கத்தில் செருப்பு வாரை மாட்டும் கிழவர், பெட்டிமேல் தலை வைத்துத் தூங்கும் பெண், ஒரே ஆரஞ்சை உரித்துச் சண்டை போடும் இரட்டையர். பென்சிலில் மட்டும்.

ஜூன் 11, புதன்

என் பக்கத்தில் கை வைத்திருக்கிறாள்.

தூங்கும் பெண்ணின் போர்வைமேல் சிவப்பாக ஒரு நிழல். அவள் வானத்திலிருந்து இறங்கி, என் தரையில் ஊர்ந்து, கிழவரின் பெஞ்சுக் காலையும் தொட்டிருக்கிறது. கேட்கவில்லை, சொல்லவில்லை.

"நிழல் பார்த்தேன்" என்று செய்தி அனுப்பினேன். "நல்லா இருக்குல்ல?" என்று பதில் வந்தது. அவ்வளவுதான். இதற்கு என்ன அர்த்தம்?

ஜூன் 13, வெள்ளி

நிழலை அழித்தேன். என் பாதியிலேயே இன்னொரு இடத்தில் புதிதாக ஒன்று. அதையும் அழித்தேன்.

ஜூன் 16, திங்கள்

இன்று இடது பக்கம் போய்ப் பார்த்தேன்.

அவள் வானத்துக்குக் கீழே, அவள் பாதியில், சின்னச் சின்ன மனிதர்கள். குடை பிடித்த ஒருத்தி. அம்மாவின் முந்தானையைப் பிடித்த குழந்தை. புள்ளிக் கண், சற்றே வளைந்த முழங்கால், இடது தோள் கொஞ்சம் இறங்கி... இது என் கை. நான் வரையவில்லை, ஆனால் என் கை.

எதற்கு? என் பக்கம் அவள் நிழல், அவள் பக்கம் என் ஆட்கள். கடைசியில் முழுப் படமும் நானே போட்டேன் என்பாள், யார் மறுப்பார்கள்? அவள் சொன்னால் ஊர் கேட்கும். நான் சொன்னால் முயல் வரைகிறவள்தானே என்பார்கள்.

இவரிடம் சொன்னதும் முகம் பிரகாசமாகிவிட்டது. "நான் அன்னைக்கே சொன்னேன்ல? நீ ஒரு வெள்ளந்தி." மனைவி ஏமாந்ததில் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு சந்தோஷமா!

ஜூன் 19, வியாழன்

அவள் நாள். வேண்டுமென்றே போனேன்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் விரித்து வைத்திருந்தது என் புத்தகம்! தொப்பி தொலைத்த பையன் கதை. அதிலிருந்து தாள் தாளாக என் உருவங்களைப் போட்டுப் பார்க்கிறாள், கசக்கி எறிகிறாள், தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி போடுகிறாள். சுற்றிலும் காகித உருண்டைகள்.

உள்ளே போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? திருடியவள் உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருக்க, திருட்டுக் கொடுத்தவள் படியிறங்கி ஓடி வந்தேன்.

ஏன் ஓடினேன்?

ஜூன் 23, திங்கள்

மருத்துவமனை அறக்கட்டளைச் செயலாளரைப் பார்த்தேன். இதமாகப் பேசுகிறவர். டீ வரவழைத்தார். எங்கள் இருவர் பகுதியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், நடுவில் ஒரு எல்லை வேண்டும் என்றேன். யார் மேலும் புகார் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நாகரிகம் இருந்தது.

"நீங்களே சொல்லிட்டீங்க மேடம், நல்லதாப் போச்சு" என்றார். "நடுவுல தெளிவா ஒரு கோடு இருந்தா எல்லாருக்குமே வசதி."

நேராக மேலே போய் நடைமேடைக்கு ஓர் இரும்புத் தூண் போட்டேன். கூரையிலிருந்து தரைவரை, கன்னங்கரேலென்று. என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக எதையும் வரைந்ததில்லை.

புயலே, இப்போது தாண்டு பார்க்கலாம்.

ஜூன் 24, செவ்வாய்

போன் செய்தாள். "எறும்பு, அந்தத் தூணை எடு."

"ஏன்?"

"காரணம் கேக்காம எடேன்டி."

"சொல்லாம எடுக்க மாட்டேன்."

வைத்துவிட்டாள். ஜெயித்துவிட்டேன். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை?

ஜூன் 27, வெள்ளி

எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் இரட்டையருக்கு வண்ணம் வைத்துக்கொண்டிருந்தபோது படத்துக்குச் சட்டம் போடுகிறவர் அளவு நாடாவோடு வந்தார். தூணுக்கு இடது பக்கம் அளந்தார். பிறகு தனியாக வலது பக்கம்.

"ஏங்க, மொத்தமா அளக்க வேண்டியதுதானே?"

"ரெண்டு சட்டம்மா. மாச ஆரம்பத்துலயே ரெண்டுன்னுதான் செயலாளர் சார் சொன்னாரு. அப்ப எங்க அறுக்கறதுன்னு தெரியாம இருந்துச்சு. இப்பத்தான் தூண் வந்திருச்சே, அது வழியாவே அறுத்துக்கலாம்னு நேத்து போன் பண்ணாரு."

அவள் பாதி ஏலத்துக்கு என்றார். இன்னொரு பாதி தரைத்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் மாட்ட. அது யார் வரைந்தது என்று அவருக்குத் தெரியாது. அப்போதுதான் என் கையிலிருந்த தூரிகையைக் கவனித்தார், முகம் மாறியது.

"அந்தப் பக்கம் வரையற அம்மா அன்னைக்கே சார்கிட்டச் சண்டை போட்டாங்கம்மா. ரெண்டையும் பிரிக்கக் கூடாதுன்னு. வராண்டா வரைக்கும் சத்தம்."

"என் பாதியைப் பத்தி சார் என்ன சொன்னார்?"

நாடாவைச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார். "அது எனக்கு ஞாபகம் இல்லம்மா."

நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியவில்லை.

அந்த நிழல். அந்தக் குட்டி மனிதர்கள். அறுக்க முடியாதபடி அவள் தைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் அழித்துக்கொண்டே வந்திருக்கிறேன். கடைசியில் அறுக்கிறவனுக்கு வசதியாகக் கோடும் போட்டுக் கொடுத்தேன். என் கையால்!

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 28, சனி

அவள் நாள். கதவைத் தட்டாமல் நுழைந்தேன். தூணுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். தூரிகையைக் கையில் எடுத்திருக்கவே இல்லை.

"ஏன்டி சொல்லல?"

"என்னன்னு சொல்ல? உன் பாதிய யாரும் சீண்ட மாட்டாங்கன்னு அந்த ஆள் சொன்னாருன்னா? சொல்லியிருந்தா மறுநாளே மூட்டை கட்டியிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?"

"நீ விலகியிருக்கலாமே."

"விலகறேன்னுதான் சொன்னேன். 'அப்ப வார்டுல இருக்கற பிள்ளைங்களுக்கு நீங்களே பதில் சொல்லிக்குங்க'ன்னாரு. என்ன செய்யச் சொல்ற?"

"அதுக்காக என் ஆட்களைத் திருடினியா?"

"திருடினா ஒழுங்கா வந்திருக்காதா?" என்று கத்தினாள். "பாரு! ஒண்ணொண்ணும் உருளைக்கிழங்குக்குக் கை கால் முளைச்ச மாதிரி!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. நான் சந்தேகப்பட்டதை அவள் அதற்குள் புரிந்துகொண்டிருந்தாள்.

"திருடின்னே நினைச்சிட்டியா?"

ஆமாம் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். எனக்கோ அப்போதும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. கேட்டேவிட்டேன்.

"பாவம் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டியா?"

"உன்னைப் பார்த்து யாருடி பாவப்படுவா? எனக்கு மனுஷங்க வர மாட்டாங்க. எத்தனை வருஷத்துக்கு வானத்தையே போடறது? நீ வரலன்னா என் நடைமேடை காலியாத்தான் கெடக்கும்."

முழுக்க நம்பினேனா? தெரியவில்லை. ஆனால் தூரிகையை எடுத்தேன். தூணை அழிக்கவில்லை, கறுப்பு அவ்வளவு சுலபமாகப் போகாது. அதற்கு முன்னால் ஆட்களை நிறுத்தினோம். சாய்ந்தவர்கள், தோளில் பிள்ளையைத் தூக்கியவர்கள், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் கை நீட்டுகிறவர்கள். கோட்டை நான் போட, வண்ணத்தை அவள் வைக்க, அவள் வைத்ததை நான் இழுக்க, ஒரே நேரத்தில் இரண்டு பேரும். "தள்ளு" என்பதைத் தவிர யாரும் எதுவும் பேசவில்லை.

ஜூன் 30, திங்கள்

செயலாளர் வந்தார். தூண் இருந்த இடத்தைத் தேடினார். தூணைக் காணோம், ஒரே கூட்டம்.

"இப்ப எங்க மேடம் அறுக்கறது?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"எங்க வேணா அறுங்க சார்" என்றாள் புயல். "ஒரு பிள்ளையோட முகம் போகும். எந்தப் பிள்ளைன்னு நீங்களே சொல்லிடுங்க."

அவர் சட்டம் போடுகிறவருக்குப் போன் செய்து, "ஒண்ணு போதும்" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

ஏலம் முடிந்தது. முழுசாகவே போயிற்று. ஆனால் ஓர் இயந்திரத்துக்குத்தான் தேறியது. அவள் பாதி மட்டும் தனியாகப் போயிருந்தால் இரண்டு வாங்கியிருக்கலாம் என்றார் செயலாளர். குத்திக்காட்டுவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. அந்த மனிதருக்கு அந்தப் பிள்ளைகள்தான் கணக்கு. அதுதான் இன்னும் வலிக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

வார்டுக்குப் போனோம். இயந்திரம் ஓடுகிறது. ஒரு சிறுமி கையில் குழாயோடு படுத்து, கால் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பெஞ்சில் இன்னும் சில பிள்ளைகள், முறைக்காகக் காத்துக்கொண்டு. அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

படியிறங்கும்போது புயல், "இன்னொண்ணு போடணும்டி" என்றாள். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 4, வியாழன்

வியாழக்கிழமைதான், அவள் நாள்தான். ஆனால் இப்போது இருவருக்கும் எல்லா நாளும் ஒன்றுதான். பக்கத்தில் ஆள் இருந்தால் கை ஓடாது என்று இன்றும் முனகினாள். ஆனாலும் இருட்டும்வரை எங்கள் புதுப் படத்தை வரைந்தாள்.

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் என் பக்கத்தில் ஒரு கிழவரை வரைந்திருந்தாள். கேட்கவில்லை, சொல்லவில்லை. அவருக்கு ஒரு முழங்கால் அதிகம்.

அப்படியே விட்டுவிட்டேன்.