சிவப்புக் குஞ்சம் வைக்க மாட்டேன்

நவ. 9, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே. முன்னாள் படைவீரர் சங்கக் கூட்டம். 16ஆம் தேதி நினைவுத்தூண் திறப்பு, அன்று என்ன உடுப்பு என்று முடிவு செய்ய. நீலக் கோட்டு, சாம்பல் பேன்ட், பச்சைத் தொப்பி. எல்லாம் சரி. தொப்பியில் சிவப்புக் குஞ்சம், கட்டாயம்.

வைக்க மாட்டேன் என்றேன்.

செயலாளர் செல்வராஜ் எங்களுக்கு வெகு பின்னால் சேர்ந்தவன், போர் பார்க்காதவன். குஞ்சம் இல்லாதவர் வரிசையில் நிற்க முடியாது என்றான். பின்னாலிருந்து யாரோ, "அவுரு கம்பெனி ஓடியாந்த கம்பெனியாச்சே." சிரிப்பு. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கை நீண்டிருக்கும்.

டீ மோசம்.

நவ. 10, திங்கள்
தூக்கமில்லை. போர் முடிந்ததும் பட்டாலியனுக்கு மரியாதையாகக் கொடுத்தது இந்தக் குஞ்சம். அதில் ஒரு பிரிவான எங்கள் கம்பெனிக்கு மட்டும் இல்லை. காவலிருந்த குன்றை விட்டு ஓடி வந்தோமாம். இறங்கச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தது. அதைக் கேட்டுச் சொன்னவன் எங்கள் வயர்லெஸ்காரன் காசிம். அப்படி உத்தரவே போடவில்லை என்றார் மேஜர். அவர் சொன்னதே எடுபட்டது. பல வருஷம் கழித்து, சரி, எல்லோரும் வைத்துக்கொள்ளலாம் என்று மேலிடத்திலிருந்து ஒரு வரி. பிச்சை. நாங்கள் ஓடவில்லை என்று எழுதித் தரட்டும், வைக்கிறேன்.

வீட்டில் சம்சாரம்: "ஒரு குஞ்சத்துக்கு இம்மாங் கோவமா?"

பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

நவ. 13, வியாழன்
பரங்கிப்பேட்டை, காசிம் வீடு. அந்தக் கம்பெனியில் இந்தப் பக்கம் மிச்சம் நாங்கள் இருவர்தான். அவனும் மறுப்பான் என்று நம்பிப் போனேன். மேசைமேல் குஞ்சம். புதுசு.

"வச்சிக்கப் போறேன் மச்சான்."

உத்தரவைக் கேட்ட காது உன்னுடையது, நீயே பிச்சை வாங்குகிறாயா என்று கத்திவிட்டேன். அவன் சம்சாரம் எட்டிப் பார்த்தார்.

"கேட்டேன். அல்லாவுக்குத் தெரியும், ஒனக்குத் தெரியும். அவுங்க எழுதித் தர்றதுக்குள்ள நாம ரெண்டு பேரும் மவுத்தாயிடுவோம். ஒரு தடவ வச்சிக்கிறேன், உடு."

இடியாப்பம் வைத்தார்கள். தொடவில்லை.

நவ. 16, ஞாயிறு
மழை விட்டிருந்தது. போனேன். கோட்டு, தொப்பி, குஞ்சம் இல்லை. செல்வராஜ் கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொன்னான். நின்றேன்.

காசிம் வந்தான். கை நடுக்கம், குஞ்சத்தைச் செருக முடியவில்லை. அங்கே அத்தனை பேர் இருக்க, நேரே என்னிடம் வந்து நீட்டினான். செருகினேன். சரிந்தது. நிமிர்த்தி வைத்தேன். வரிசைக்குப் போனான்.

அணிவகுப்பு. மேடை வலப்பக்கம். மேடையிலிருப்பவர்களுக்கு மரியாதையாக வலப்பக்கம் பார்க்கச் சொல்லி உத்தரவு. எல்லாத் தலையும் மேடைக்கு. காசிம் மட்டும் இடப்பக்கம் திரும்பி, கயிற்றோரம் நின்ற என்னைப் பார்த்தபடியே நடந்தான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செல்வராஜ் பல்லைக் கடித்தான்.

அவன் கடந்து போகிற வரை நானும் விறைப்பாக.