மச்சானுக்காகப் பேசப் போய்

ஜனவரி 26, ஞாயிறு

பாலெர்மோவில் காலையில் மழை. பூசைக்குப் போகையில் குடை பேருந்தோடு போய்விட்டது, நான் மட்டும் இறங்கிவிட்டேன்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர், ரோல்ஸ். பேச்செல்லாம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை பிரித்தானியா ஐரோப்பாவை விட்டுப் போகிறது. கோயில் கூட்டாளி அன்ரன் என்னைப் பிடித்தான்.

"உன்ரை மச்சானும் போறதுக்குத்தானே வோட்டுப் போட்டவர்? அகதியாப் போன மனுசன். தான் ஏறின உடனை, ரைட், பஸ்ஸை எடு எண்டுறார்."

எல்லாரும் சிரிப்பு.

மச்சான் என்றால் என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன். லண்டனில் சொந்த வீடு. அந்த வீட்டில்தான் ஒன்றரை வருடமாக என் மகள் ஷெறின். இங்கேயிருந்து இத்தாலிப் பாஸ்போட்டோடு போனவள், அங்கேயே இருக்க அனுமதியும் கிடைத்துவிட்டது. பிள்ளைக்குச் சோறு போடுகிற மனிதரைச் சபையில் விட்டுக்கொடுக்கலாமா? எழும்பினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் என் குரலுக்கு மைக் தேவையில்லை.

"மச்சான் சொல்லுறது சரி. அவரின்ரை மனுசியின்ரை தம்பிக்கு எத்தினை தரம் விசா இல்லையெண்டவங்கள். இத்தாலிப் பாஸ்போட்டுக்காரர் மட்டும் சும்மா போய் இறங்கி இடத்தை நிரப்புறதோ? வந்த இடத்துக்குத் திரும்பி வரட்டும்."

கைதட்டல். பெரிய ஆள் மாதிரி இன்னொரு ரோல்ஸ் எடுத்தேன்.

ஜனவரி 27, திங்கள்

படி கழுவல், மூன்று கட்டடம். முதுகு நோவு. பல்லரோ சந்தையில் மீன் வாங்கவில்லை. தனி ஆளுக்கு இரண்டு சாளை கேட்டால் பூனைக்கா என்று கேட்கிறான்.

மச்சானிடமிருந்து குரல் செய்தி. "மச்சான், நல்லாக் கதைச்சீர். ஆரோ வீடியோ எடுத்து அனுப்பினவை. எங்கடை குடும்பக் குறூப்பிலை போட்டிருக்கிறன்."

குடும்பக் குறூப்பில் ஷெறினும் இருக்கிறாள்.

அழைத்தேன். எடுக்கவில்லை.

ஜனவரி 29, புதன்

குளிர். வீட்டுக்குள்ளும் ஜாக்கெற்.

மத்தியானம் ஷெறினின் செய்தி. "பப்பா, சாப்பிடேக்கை மாமா உங்கடை வீடியோவை ரீவியிலை போட்டவர். எல்லாரும் சிரிச்சவை. நான் கோப்பை கழுவப் போயிட்டன். நான் திரும்பி வரவேணுமோ? நேரை எனக்கே சொல்லியிருக்கலாம்."

'இல்லை' என்று எழுதினேன். அழித்தேன். 'வா' என்று எழுதினேன். அதையும் அழித்தேன். கடைசியில், பெருவிரல் தூக்கிக் காட்டுகிற படம் இருக்கிறதே, அதை அனுப்பிவிட்டேன்.

வரவேணுமோ என்று பிள்ளை கேட்கிறது. தகப்பன் பெருவிரல். என்ன மூளை!

ஜனவரி 30, வியாழன்

ஜெசிந்தாவுக்கு அரை நாள் லீவு. சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற வயதான இத்தாலிய அம்மா ஒருவரை அவர் வீட்டோடு தங்கிப் பார்க்கிற வேலை. வியாழன் பின்னேரம் மட்டும்தான் எனக்கு மனைவி.

என் ஃபோனை வாங்கிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, பெருவிரல் ஏன்?"

"என்ன எழுதிறதெண்டு தெரியேல்லை."

"அண்ணாவுக்கு நல்ல பேர் வாங்கிக் குடுத்திட்டியள். தகப்பனும் சேர்ந்து துரத்துறார் எண்டு பிள்ளை நினைக்கும்."

"வந்தாலும் நல்லதுதானே."

ஃபோனை மேசையில் வைத்தாள். "அதுதானே பாத்தன். உங்களுக்கு வீட்டிலை கதைக்க ஆள் வேணும். அதுக்கு அவளை அங்கையிருந்து எழுப்பப் பாக்கிறியள்."

கோழிக் கறி வைத்துவிட்டுப் போனாள். ஞாயிறு வரைக்கும் போதும் என்றாள். அவள் சொன்னது சரியா பிழையா என்று யோசித்துக்கொண்டே சட்டியை முடித்துவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

ரீவியில் ஒரு கூட்டம் ஆடுகிறது, ஒரு கூட்டம் அழுகிறது. எந்தப் பக்கம் என்று கேட்டால் இன்றைக்கு நான் இரண்டிலும் இல்லை.

குறூப்பில் குரல் செய்தி போட்டேன், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. "மச்சான், வோட்டு உங்கடை விருப்பம். ஞாயிற்றுக்கிழமை நான் கதைச்சது பிழை. ஷெறின் ஒருத்தற்றை இடத்தையும் பிடிக்கேல்லை. அவள் அங்கை இருக்கிற பிள்ளை. இருக்கட்டும்."

மச்சான் அதைக் கேட்டுவிட்டார் என்று ஃபோன் காட்டுகிறது.

பெப்ரவரி 1, சனி

வெயில். உடுப்புத் தோய்த்துப் பல்கனியில் போட்டாயிற்று. அப்போது ஷெறின் அழைத்தாள்.

"பப்பா, நீங்கள் குறூப்பிலை போட்டதைக் கேட்டனான். மாமி சமைக்கேக்கை குசினியிலை வைச்சுத் திருப்பித் திருப்பிப் போட்டவ."

"மாமா?"

"என்னோடை கதைக்கிறேல்லை. பரவாயில்லை, கூட்டாளியோடை அறை எடுக்கப் போறன்." பிறகு சிரித்தாள். "உண்மையைச் சொல்லவோ? நீங்கள் பெருவிரல் போட்டாப் பிறகு பாலெர்மோவுக்கு ரிக்கற் பாத்தனான். காசு கட்டிற இடம் வரைக்கும் போனனான்."

"இப்ப?"

"இப்ப இல்லை. இஞ்சையே இருக்கப் போறன். நீங்களே எல்லாருக்கும் முன்னாலை சொல்லிட்டியளே."

"ஓம். நல்லது."

"கமராவைப் போடுங்கோ, முகத்தைப் பாப்பம்."

"கமரா பழுது."

"எப்ப இருந்து?"

"இப்பத்தான்."