கழற்றிக் கொடுத்த காப்பு

பஸ் மலையேறும்போதே என் உள்ளங்கையில் துருவாடை ஏறிவிட்டது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் பையிலிருந்து எடுத்த உன் இரும்புக் காப்பை மலைமேல் உன் ஊர் ஆலத்தூர் நாடு வரும்வரை நான் விடவில்லை. உன் அம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் வந்தேன். ஆறு மாதமாகத் தள்ளிப்போட்டது.

காவிரி கலக்கும் கடலில் இரும்பு எவ்வளவு என்று அளப்பதுதானே நம் இருவரின் வேலை. இருப்பது துளியிலும் துளி. கையில் ஒரு காப்பு உரசினால் போதும், பாட்டில் தண்ணீர் முழுக்கப் பாழ். அன்று எனக்குத் தலைசுற்றல், நீ மட்டும் படகேறினாய். "காப்பைக் கழட்டுடி" என்று நான்தான் அதட்டினேன்.

"காத்துக் கருப்பு அண்டக் கூடாதுன்னு அம்மா போட்டு உட்டது புள்ள. தெரிஞ்சா கொன்னுபோடும்" என்று சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தாய். "போனாப் போவுது. நம்ம மலைச் செம்மண்ணு ஐயாத்துல எறங்கி, காவேரியில கலந்து அங்கதான போய்ச் சேருது? கடலு எனக்குச் சொந்தந்தான், ஒறம்பரைதான்."

மத்தியானம் காற்று மாறியது. படகு கவிழ்ந்து, படகோட்டி நீந்திக் கரையேறினார். நீ வரவில்லை. மறுநாள்தான் உன்னைக் கண்டெடுத்தார்கள். உன் பாட்டில் பெட்டி மட்டும் மூடி திறக்காமல் ஒதுங்கியிருந்தது.

அந்தத் தண்ணீரை நான்தான் அளந்தேன். அடித்தண்ணீரில் இரும்பு கூடுதல். நீ பயந்தது இதைத்தான். கடல் சூடேறினால் அடியில் ஆக்சிஜன் குறையும். சேறு பிடித்து வைத்திருக்கும் இரும்பு கரைந்து வெளியே வரும். அதைத் தின்று பாசி பெருகும், செத்து அழுகும், மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்க்கும். நாம் எரித்து விடும் கரிப்புகையை விழுங்கிவரும் கடல் அப்புறம் என்ன ஆகும் என்று இருவரும் சேர்ந்து பயந்தோம். இப்போது தனியாகப் பயப்படுகிறேன். ஒரு நாள் தண்ணீரை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, மறுபடி அள்ளியாக வேண்டும்.

உன் வீட்டு வாசலில் அம்மா மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். நான் உட்காரும் முன்பே கேட்டுவிட்டார்.

"அவ கையில காப்பு இல்லியே கண்ணு. அலை உருவிட்டுப் போயிருச்சா?"

"இல்லீங்கம்மா. நான்தானுங்க கழட்டச் சொன்னேன்."

மிளகை அளைந்த கை நின்றுவிட்டது. காப்பை நீட்டினேன். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு காப்பைப் பிடுங்கி, எலும்பு வலிக்க என் மணிக்கட்டில் ஏற்றினார்.

"நீயும் அங்கதான போவ? இனி இதைக் கழட்டினேன்னு என் காதுல உழுகக் கூடாது."

தலையாட்டிவிட்டேன். அடுத்த வாரம் படகேற வேண்டும். காப்போடு தண்ணீர் அள்ள முடியாது. கழற்றி யார் கையில் கொடுப்பேன், நீயே சொல்.