குட்டைத் தெருவின் முந்நூறு ரூபாய்

பெரியமேடு, மதராஸ்
12-3-1927

அன்புள்ள கோதண்டராமனுக்கு,

உன் தோஸ்த் வஹீத் சலாம் சொல்லி எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

இங்கே வந்து ஒரு மாதம் ஆகிறது. தோல் மண்டியில் குமாஸ்தா வேலை. ஊரை விட்டு வந்துவிட்டோம் என்பது என் மூக்குக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை, அதே வாடைதான். மண்டிக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறது. திருகினால் தண்ணீர் வருகிறது. முதல் நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக நான் நின்றதைப் பார்த்து முதலாளி, "இன்னா வஹீத், உங்க ஊர்ல கொழாயே இல்லியா?" என்றார். இல்லை என்றேன். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்!

ஆனால் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் ஊரில் விட்டு வந்த என் பீவி முனவ்வர் ஞாபகம் வந்துவிடுகிறது. எங்கள் குட்டைத் தெருக் கிணற்றில் தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு இறங்கி, தண்ணீர் பட்டைச் சாறாகச் சிவந்துவிட்டது உனக்குத் தெரியும். தெருப் பெண்கள் எல்லோரும் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஒரு மைல் சுமந்து வருகிறார்கள்.

ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை நகரசபை போட்டு, மேட்டுப் பக்கமாகப் புதுக் கிணறு வெட்டித் தரும் என்று சொன்னாய் அல்லவா? தொள்ளாயிரம் ரூபாய்க் கிணற்றுக்கு எங்கள் பங்கு முந்நூறு சேர்ந்துவிட்டது. அறுபது வீடு, வாரம் இரண்டணா, நாற்பது வாரம். ஷாப்பில் ஆட்டுத் தோலுக்கு மயிர் சிரைக்கிற முனியம்மாதான் சனிக்கிழமை தோறும் வீடு வீடாக ஏறி வாங்கினாள். எழுதத் தெரிந்தவன் என்று என்னிடம் கொடுத்து வைத்தார்கள். இப்போது என் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறது. அதை உன் ஆபீஸில் கட்டிவிடலாமா? நீ அங்கே அக்கௌண்டண்டாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு என்ன பயம்? மிஷன் ஸ்கூலில் உன் சிலேட்டைப் பார்த்து எழுதித்தானே நான் கணக்கில் பாஸ் செய்தேன்.

உன்
அப்துல் வஹீத்


ஆற்றுப்பேட்டை
6-4-1927

அன்புள்ள வஹீத்துக்கு,

குழாயைத் திருகித் திருகி உடைத்துவிடாதே. மதராஸ் கார்ப்பரேஷன் உன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்.

முனவ்வர் பேகமும் முனியம்மாவும் நேற்று முன்தினம் வந்து பணத்தைக் கட்டினார்கள். எல்லாம் அணாவும் அரையணாவும். எண்ணி முடிக்க, காசு வாங்குகிற ஷராப்புக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ரசீது உன் பெயரில் என் கையாலேயே எழுதினேன். எண் 214, தேதி 4-4-1927. பத்திரமாக வை. இந்த வருஷ பட்ஜெட்டில் "குட்டைத் தெருக் கிணறு, ரூ. 600" என்று சேர்த்தாயிற்று. கவுன்சிலிலும் ஒருவரும் வாய் திறக்காமல் பாஸ் ஆகிவிட்டது.

ஒரே ஒரு விஷயம். ஆபீஸுக்கு மனு கினு என்று எழுதிக்கொண்டிருக்காதே. அது பத்து மேஜை சுற்றி வரும், சேர்மனுக்கும் எரிச்சல். எதுவானாலும் எனக்கு, வீட்டு விலாசத்துக்கு எழுது. நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்
கோதண்டராமன்


பெரியமேடு
20-4-1928

அன்புள்ள கோதண்டராமனுக்கு,

பெருநாளைக்கு ஊருக்கு வந்தபோது நீ வேலூர் போயிருந்தாய். உன் மகள் செண்பகம்தான் மோர் கொடுத்து உபசரித்தாள். பெண் வளர்ந்துவிட்டாள், மாப்பிள்ளை பார்க்கிறாயா?

கிணறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குச்சி நட்டிருக்கிறது. அவ்வளவுதான். முனியம்மா என்னைக் கண்டதும், "இன்னா பாய், கெணறு எப்ப வெட்டுவாங்க? இந்தத் தண்ணிய மாடு கூட மோந்து பாத்துட்டுப் போய்டுது" என்றாள். நான் உன் பேரைச் சொல்லி, இந்த வருஷம் நிச்சயம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரிதானே? ஒரு வரி எழுது.

உன்
வஹீத்


ஆற்றுப்பேட்டை
2-5-1928

அன்புள்ள வஹீத்துக்கு,

கோபம் வேண்டாம். நடந்ததைச் சொல்கிறேன். ஓவர்சியர் மதிப்பீடு போடவே டிசம்பர் ஆகிவிட்டது. பிறகு காண்டிராக்டர் வரவில்லை. மார்ச் முப்பத்தொன்று வந்தால் செலவாகாத பணம் செத்துப்போகும். மறுநாள் புது பட்ஜெட்டில் புதிதாகப் பிறக்க வேண்டும். மறுபடி ரூ. 600 சேர்த்திருக்கிறேன்.

உன்னிடம் ஒளிப்பானேன்? வருஷக் கடைசியில் கஜானாவில் இவ்வளவு மிச்சம் இருந்தாக வேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. அந்த மிச்சத்தைக் காட்டினால்தான் குழாய்த் தண்ணீர் திட்டத்துக்கு ஒன்றரை லட்சம் கடன் கிடைக்கும். முப்பது வருஷத் தவணை. மிச்சம் எங்கிருந்து வரும்? ஷாப்புகளுக்கு வரி ஏற்றிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கவுன்சிலில் பாதிப்பேர் ஷாப்பு முதலாளிகள். தங்களுக்குத் தாங்களே ஏற்றிக்கொள்வார்களா? ஆகவே கேட்க ஆளில்லாத செலவுகள் நின்றுபோகின்றன. நான் கூட்டுகிறவன்தான், போடுகிறவர்கள் வேறே. கடன் வந்துவிட்டால் உங்கள் தெருவுக்குக் குழாயே வரும், கிணறு எதற்கு?

செண்பகத்துக்கு ஆரணியில் ஓர் இடம் வந்திருக்கிறது. முடிந்தால் எழுதுகிறேன்.

உன்
கோதண்டராமன்


பெரியமேடு
9-12-1929

அன்புள்ள கோதண்டராமனுக்கு,

செண்பகத்தின் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது இன்னும் மனதை உறுத்துகிறது. மாப்பிள்ளைக்கு அனுப்பிய செருப்பு சரியாக இருந்ததா? நல்ல தோல், நானே பார்த்துப் பொறுக்கினேன்.

முனவ்வர் ஒரு காகிதம் அனுப்பியிருக்கிறாள். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வரி போட்டிருக்கிறார்கள். கடைத்தெருவிலும் முதலாளிமார் தெருவிலும் குழாய் வந்துவிட்டதாம். குட்டைத் தெருவுக்கு முந்நூறு கஜம் முன்னாலேயே நின்றுவிட்டதாம். ஆனால் வரி மட்டும் நிற்காமல் வந்து கதவைத் தட்டியிருக்கிறது. இது என்னப்பா நியாயம்? முப்பது வருஷத் தவணை என்றாயே. உன் பேரனும் என் பேரனும் சேர்ந்துதான் அந்தக் கடனைக் கட்டுவார்கள். ஒருவன் தண்ணீர் குடித்துக்கொண்டு கட்டுவான், இன்னொருவன் ஆற்றுக்கு நடந்துகொண்டு கட்டுவான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் இது மூன்றாவது வருஷம். ஊருக்கு வந்தால் பள்ளிவாசலில்கூட என்னிடம் கிணற்றைத்தான் விசாரிக்கிறார்கள். நேரே கேட்பவர்களைவிட, கேட்காமல் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் பேஜாராக இருக்கிறார்கள். பணத்தை நான் தின்றுவிட்டேன் என்று நினைக்கிறார்களோ என்று தூக்கம் கெட்டுப்போகிறது. இந்தத் தடவையாவது பார்.

உன்
வஹீத்


ஆற்றுப்பேட்டை
18-4-1931

அன்புள்ள வஹீத்துக்கு,

உன் கடிதங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

செருப்பு மாப்பிள்ளைக்கு அளவெடுத்தது போல இருந்தது. செண்பகத்துக்குப் பிள்ளை பிறந்திருக்கிறான்.

இந்த வருஷம் நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. தோல் விலை விழுந்து ஏழெட்டு ஷாப்புகள் மூடிவிட்டன. வரி பாதிகூட வசூலாகவில்லை. தெரு கூட்டுகிறவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் நிறுத்தி வைத்தோம். தெரு விளக்குக்கு எண்ணெய் குறைத்தோம். இந்த நிலையில் கடன் தவணை நின்றால் கவுன்சிலையே கலைத்துவிடுவதாக மேலிடத்திலிருந்து தாக்கீது. எப்படியோ கடைசி நாளில் துண்டு விழாமல் சரிக்கட்டிவிட்டேன். சேர்மன் எல்லோர் முன்னாலும் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் தேதியிலிருந்து நான் மானேஜர்.

கிணறு விஷயம் இப்போது எடுக்க வேண்டாம். கொஞ்சம் பொறு.

உன்
கோதண்டராமன்


பெரியமேடு
14-7-1931

அன்புள்ள கோதண்டராமனுக்கு,

மானேஜர் ஆனதற்கு முபாரக். உண்மையிலேயே சந்தோஷம்.

என் சேதி வேறு மாதிரி. மண்டி மூடிவிட்டது. மாதக் கடைசியில் ஊருக்கு வந்துவிடுகிறேன். குட்டைத் தெருவிலும் பாதிப்பேருக்கு வேலை இல்லை என்று முனவ்வர் எழுதியிருக்கிறாள். ஆனால் அதில் ஒரு நல்லதும் இருக்கிறது, கேள். கை சும்மா இருக்கிறதே, நாமே வெட்டிக்கொள்வோம் என்று தெருவில் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். நகரசபையின் அறுநூறு வேண்டாம். அது உங்கள் கஜானாவிலேயே பிறந்து செத்துக்கொண்டிருக்கட்டும். எங்கள் முந்நூறை மட்டும் திருப்பிக் கொடுத்தால் போதும். கல்லுக்கும் சுண்ணாம்புக்கும், பாறை வந்தால் வெடிமருந்துக்கும் ஆகும்.

ரசீது 214 என்னிடம் இருக்கிறது. எந்த நாளில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எழுது. நாலு வருஷத்துக்குப் பிறகு தெருவில் நிமிர்ந்து நடக்கப்போகிறேன்.

உன்
வஹீத்


ஆற்றுப்பேட்டை
2-8-1931

வஹீத்,

நீ ஊருக்கு வந்துவிட்டாய் என்று தெரியும். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு தபாலில் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு முகம் இல்லை.

பணம் இல்லை. மூன்று முழு வருஷம் யாரும் கேட்காத டிபாசிட் நகரசபை வருமானத்தில் சேர்ந்துவிடும் என்பது விதி. சென்ற மார்ச் முப்பத்தொன்றில் அந்தப் பட்டியல் என் மேஜைக்கு வந்தது. முதல் வரியே உன் பெயர். மிச்சம் காட்டுவதற்கு இருநூற்றெழுபது ரூபாய் குறைந்தது. எங்கே தேடியும் கிடைக்கவில்லை. உன் பெயருக்கு நேரே "கேட்கப்படவில்லை" என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நீ கேட்டாய். வருஷா வருஷம் கேட்டாய். ஆனால் எனக்குக் கேட்டாய், ஆபீஸுக்குக் கேட்கவில்லை. அப்படிச் செய்யச் சொன்னவனும் நான்தான். ஆபீஸ் ஃபைலில் உன் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஒரு கார்டு போட்டு உன்னிடமிருந்து இரண்டு வரி வாங்கியிருந்தால் பணம் பிழைத்திருக்கும். அதற்கு ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அது பொய். இருந்தது.

நம் கடிதங்களைக் காட்டினால் மேலிடத்தில் பணத்தைத் திருப்பச் சொல்வார்கள். என் வேலையும் போகும், பென்ஷனும் போகும். செண்பகத்தின் கல்யாணக் கடன் இன்னும் தீரவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நானே கொடுத்துவிடுகிறேன். விஷயம் வெளியே போக வேண்டாம்.

கோதண்டராமன்


குட்டைத் தெரு, ஆற்றுப்பேட்டை
5-10-1931

மானேஜர் கோதண்டராமன் அவர்களுக்கு,

இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு தம்பிடியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அதற்காக இதை எழுதவில்லை.

தெரு ஜனங்களைக் கூட்டி நடந்ததைச் சொல்லிவிட்டேன். யாரும் என்னை அடிக்க வரவில்லை. அடித்திருந்தால் தேவலை. முனியம்மாதான் பேசினாள். "நீ துன்னுட்டன்னு சொல்லு பாய், ஒன்ன கேக்கலாம். யாருமே துன்னல, ஆனா பணத்தக் காணோம்ன்றியே, நாங்க யார கேக்கறது?" என்றாள். முனவ்வரின் வளையலை வேலூர் லாங் பஜாரில் விற்று முப்பது வீட்டுக்குக் கொடுத்தேன். மீதி முப்பது வீட்டின் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறேன்.

பணம் இல்லாமலே வெட்டத் தொடங்கினார்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினெட்டு அடி இறங்கினோம். பாறை வந்துவிட்டது. வெடி வாங்க வழியில்லை. பள்ளம் அப்படியே கிடக்கிறது. ஆடு மாடு விழாமல் முள் வைத்து அடைத்திருக்கிறோம்.

இத்துடன் ஆபீஸுக்கு முறைப்படி ஒரு மனு வைத்திருக்கிறேன். நாலரை வருஷத்தில் இதுதான் முதல் மனு. நீங்கள் எனக்கு எழுதிய கடிதங்களையும் அதோடு இணைத்திருக்கிறேன், கடைசிக் கடிதம் உட்பட. நான் எழுதியவை உங்களிடம் இருக்கும். கலெக்டருக்கு நேரே அனுப்பு என்று ஜியாவுல்லா வக்கீல் சொன்னார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனை என் கையால் தள்ள மனம் வரவில்லை. மனுவோடு இவற்றைச் சேர்த்து ஃபைலில் வைப்பதும், அடுப்பில் போடுவதும் உங்கள் இஷ்டம்.

அன்றைக்கு உங்கள் சிலேட்டைப் பார்த்து எழுதினேன். இன்றைக்கும் உங்களைப் பார்த்தே எழுதியிருக்கிறேன். இனி வீட்டு விலாசத்துக்கு எழுத மாட்டேன்.

அப்துல் வஹீத்


நகரசபை ஆபீஸ், ஆற்றுப்பேட்டை
29-10-1931

ஜனாப் அப்துல் வஹீத் சாகிப் அவர்களுக்கு,
குட்டைத் தெரு.

விஷயம்: ரசீது எண் 214, டிபாசிட் ரூ. 300 திருப்பிக் கோரல்.
பார்வை: தங்கள் 5-10-1931 தேதி மனு.

மேற்படி தொகை விதிப்படி 31-3-1931 அன்று நகரசபை வருமானத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. அதற்கு முன் தாங்கள் எழுத்துமூலம் கோரியதாக இவ்வாபீஸில் ஆதாரம் ஏதும் இல்லை. மனுவுடன் இணைப்புகள் எதுவும் வந்து சேரவில்லை. ஆகவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.

தங்கள் வீட்டின் தண்ணீர் வரி பாக்கி ரூ. 5-6-0. இதை இவ்வறிவிப்பு கண்ட பதினைந்து நாட்களுக்குள் செலுத்த வேண்டியது. தவறினால் ஜப்தி செய்யப்படும்.

(ஒப்பம்) கோதண்டராமன்
மானேஜர்